கண்டுபிடித்தவள்

“கையை அசைக்காதீங்கக்கா” என்று பர்வீன் இரண்டாம் தடவை சொன்னபோதுதான் கை அசைகிறது என்பதே மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது. இடது கை முடிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை கரும்பச்சையாகக் கொடி ஏறிக் காய்ந்துகொண்டிருந்தது. வலது கை பாதியில் நின்றது. மருதாணிக் கூம்பின் நுனி உள்ளங்கையில் ஜில்லென்று ஊர்ந்தது. கூசும்போதெல்லாம் இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது, தோன்றியதும் கை அசைந்தது. தில்லைநகரில் மாடியில் இருக்கும் இந்த அழகு நிலையத்துக்கு வருஷத்துக்கு நான்கு முறை தலைக்குச் சாயம் போட வருவாள், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு விழா. பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவுப் பெண்கள் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரே மண்டபத்தில் கூடுகிறார்கள். எல்லாரும் மாம்பழ மஞ்சளில் சேலை, எல்லார் கையிலும் மருதாணி என்று ஹேமமாலினி குழுவில் உத்தரவு போட்டிருந்தாள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட மறுபேச்சு பேசவில்லை. மங்கையும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டாள். அது போன வாரம். போன வாரம் அவள் வேறு ஆள். இன்று காலையில் வர வேண்டாமென்றுதான் நினைத்தாள். பிறகு, இரண்டு கையிலும் மருதாணி போட்டுக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் போனைத் தொட முடியாது, தொடாததற்கு யாரும் காரணம் கேட்க முடியாது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் படியேறினாள்.

போன் கண்ணாடி மேசையில், சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்து வைத்தது அவள்தான். அது இப்போது உறுமியது. உறுமிக்கொண்டே கண்ணாடிமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பர்வீன் எட்டித் திருப்பிப் பார்த்தாள். “ஜெசின்னு வருதுக்கா. எடுத்துக் காதுல வெக்கவா?” “வேண்டாம்.” “அவங்கதானே அவங்க? படத்துல இருக்கிறவங்க?” “அப்புறம் பேசிக்கிறேன் பர்வீன், நீ போடு.” உறுமல் நின்றது. நின்ற பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எதற்குக் கூப்பிடுகிறாள். தெரிந்துவிட்டதா. தெரிந்திருந்தால் கூப்பிடுவாளா, கூப்பிட்டுத் திட்டுவாளா, அல்லது பேசவே மாட்டாளா. ஜெசிந்தா திட்டி மங்கை கேட்டதில்லை. பள்ளியில் ஒரு தடவை மங்கை அவளுடைய ஜியோமெட்ரி பெட்டியைத் தொலைத்தபோதுகூட, போகுது விடு, எங்க அப்பாகிட்ட நான் தொலைச்சேன்னே சொல்லிக்கிறேன் என்றவள். அன்று அவள் அப்பா என்ன செய்தார் என்று மங்கை கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அது தோன்றுகிறது. ஒருவேளை அவள் விட்டு வந்த ஆள் வந்துவிட்டானோ. அவள் வேலைபார்க்கும் விடுதி வாசலில் நின்றுகொண்டு கதவைத் தட்டுகிறானோ, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ. “அக்கா, கையை இப்படி இறுக்குனா கோடு கலைஞ்சிரும்” என்றாள் பர்வீன்.

மங்கை கண்டுபிடிப்பவள். குழுவில் அதுதான் அவள் பெயர். பள்ளியில் மூன்றாம் பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியைகள் குறைவு. நாடகம், பேச்சுப்போட்டி, கோ-கோ ஆட்டம் எதிலும் இல்லை. கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராகச் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு பையனைப் படிக்கவைத்து வெளியூர் அனுப்பி, ஐம்பதைத் தொட்டபோது வீட்டில் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன. பையன் போகும்போது போனில் பேஸ்புக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் கோலம் பார்த்தாள், சமையல் பார்த்தாள். ஒருநாள் சும்மா ஹேமமாலினியின் பெயரைத் தட்டினாள். வந்துவிட்டாள், அதே முன்பல்லோடு, சேலத்தில், இரண்டு பேத்திகளோடு. அந்த நொடியில் உடம்புக்குள் ஏதோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு விடவில்லை. பழைய வகுப்புப் படத்தை ஸ்கேன் செய்து, கிடைத்தவர்கள் முகத்தில் பச்சை வட்டமும் கிடைக்காதவர்கள் முகத்தில் சிவப்பு வட்டமும் போட்டு, மாதம் ஒரு தடவை ஏற்றுவாள். புருஷன் பெயரைச் சேர்த்துக்கொண்டு காணாமல் போனவர்களைத் தம்பி பெயரை வைத்துப் பிடித்தாள். துபாயில் ஒருத்தி, அரியலூரில் மாவு அரைத்து விற்பவள் ஒருத்தி, கணவன் போன பிறகு யாரோடும் பேசாமல் கிடந்த லலிதாம்பிகை ஒருத்தி. லலிதாம்பிகை குழுவில் சேர்ந்து மூன்றாம் நாள் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினாள், மங்கை அதைப் பார்த்து அழுதாள். பாத்திமாவின் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சையின்போது ரத்தம் வேண்டுமென்று எழுதிய அரைமணியில் நான்கு பேரின் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அது பொய்யில்லை. அதெல்லாம் நடந்தது. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று மங்கை இப்போது, நாற்காலியில் கையை விரித்துக்கொண்டு, யாரோ குறுக்கு விசாரணை செய்வதுபோலத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. படத்தில் கடைசியாக ஒரே ஒரு சிவப்பு வட்டம் பாக்கி இருந்தது. அதுதான் ஜெசிந்தா.

அந்த வட்டம் இரண்டு வருஷம் சிவப்பாகவே இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஜெசிந்தாவுக்குத் தம்பி இல்லை, அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், பாலக்கரையில் அவர்கள் இருந்த வீட்டில் இப்போது செல்போன் கடை. அப்போது ஓசூருக்கு வெளியே ஏதோ ஒரு சின்னப் பள்ளியின் விளையாட்டு விழாப் படங்கள் மங்கையின் கண்ணில் தற்செயலாகப் பட்டன. கோப்பை வாங்கும் பிள்ளைகளுக்குப் பின்னால், ஓரமாக, ஒரு பெண்மணி நின்றிருந்தாள். நரைத்த தலை, கண்ணாடி, பருத்திச் சேலை. அடையாளமே இல்லை. ஆனால் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலை வழிபாட்டில் பன்னிரண்டு பி வரிசையில் அப்படி நிற்பவள் ஒருத்திதான். மங்கை படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கி, பருப்பு தீய்ந்துபோன வாடை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் போன் போட்டாள். படத்தில் இருப்பது விடுதிக் காப்பாளர் ஜெசி அம்மா என்றார்கள். எதிர்முனையில் வந்த குரல், மங்கை என்று சொன்னதும், மூன்றாம் பெஞ்சு மங்கையா என்று கேட்டது. பிறகு, “நீ தனியா வா. யார்கிட்டயும் சொல்லாம வா” என்றது. மங்கை போன ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனாள். யாரிடமும் சொல்லாமல்தான் போனாள். அதுவரை சரியாகத்தான் இருந்தாள்.

விடுதியின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெசி உட்கார வைத்தாள். மங்கை இடப்பக்கம் உட்காரப் போனபோது, “இந்தப் பக்கம் வா. அந்தக் காது கேக்காது” என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, “அறைஞ்சா போயிடும்” என்றாள், பாலைச் சுடவைத்தால் ஆடை படியும் என்கிற மாதிரி. கதை சுருக்கமானது. தாஸ் என்று ஒருவன், லாரி செட்டு வைத்திருந்தவன், கல்யாணம், ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இரண்டு வயதில் ஒருநாள் அதையும் தூக்கி எறிந்தான். கட்டிலில் விழுந்ததால் பிழைத்தது. மறுநாள் அவன் வண்டியோடு ஆந்திராப் பக்கம் போனதும் குழந்தையோடு பஸ் ஏறியவள்தான். கன்னியாஸ்திரிகள் ஒரு வருஷம் வைத்துக்கொண்டார்கள், பிறகு இங்கே. மெர்லின் இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். “அப்பா லாரி ஆக்சிடென்ட்ல செத்துட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன். சாவடிச்சிட்டேன், வேற வழி தெரியல” என்று சொல்லி ஜெசி சிரித்தாள். மங்கையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், மங்கைதான் கேட்டாள். ஜெசி தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். எடுத்த பிறகு சொன்னாள்: “உனக்கு மட்டும் வெச்சிக்க மங்கை. எங்கயும் போடாதே. நல்லா இருக்கேன்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லு.” மங்கை, சரி என்றாள். தலையை ஆட்டவில்லை, முனகவில்லை. வாயைத் திறந்து, தெளிவாக, சரி ஜெசி என்றாள்.

சரி ஜெசி. அந்த இரண்டு வார்த்தையும் கிருஷ்ணகிரி வரைக்கும் தாங்கின. ஜன்னலோர இருக்கை, மடியில் போன், போனில் படம். குழுவில் ஹேமா எழுதியிருந்தாள்: என்னடி மங்கை, கடைசி வட்டம் எப்போ பச்சையாகும், இல்ல நீயும் ரிட்டயர்டா. கீழே சிரிப்புப் படங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தர்மபுரி வரை மங்கை போனைப் பைக்குள் வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். படத்துக்குக் கீழே சும்மா எழுதிப் பார்க்கலாம், போட வேண்டாம் என்று எழுதினாள். ‘முப்பது வருஷத் தேடல். இன்று என் ஜெசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.’ எழுதியதை வாசித்தபோது அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. குழு மட்டும்தானே, நாற்பது பெண்கள், எல்லாரும் நம் பெண்கள், வெளியே யார் பார்க்கப்போகிறார்கள். அழுத்தினாள். பஸ் அப்போது தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் இல்லை. திரையில் அந்தச் சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, லாரிகளின் பிரேக் வாடை. ரத்து செய் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. இந்த இடத்தைத்தான் மங்கையால் ஒவ்வொரு முறையும் தாண்ட முடியவில்லை. அவசரத்தில் கை பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மலையே இறங்கும் அளவுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. அவள் அந்த நேரம் முழுக்க வளையத்தைப் பார்த்துக்கொண்டு, போ, போ என்று வேண்டிக்கொண்டிருந்தாள். சமவெளி வந்ததும் போயிற்று.

“அக்கா, இந்த விரலுக்கு இலையா பூவா?” என்றாள் பர்வீன். ஏதோ ஒன்று. “ஏதோ ஒண்ணா? பழைய ஃபிரெண்டுங்களப் பாக்கப் போறீங்களா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களப் பாக்கப் போறீங்களா, ரெண்டுமில்லாம இழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க.” மங்கை சிரிக்க முயன்றாள். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு வந்து நின்றது, உதடு மட்டும். இந்த முகம்தான் மூன்று நாள் பூரித்துக் கிடந்தது. ஹேமா போன் போட்டு, “குழுவுக்குள்ளயே பூட்டி வெச்சா எப்படிடி? எல்லாரும் பாக்குற மாதிரி போடு, மத்தவங்களும் தேடட்டும்” என்று சொன்னதும், அதையும் செய்தாள். ஹேமா சொன்னாள் என்பது சாக்கு. சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்பதுதான் சரி. லட்சம் பேர் பார்க்கும் ஏதோ ஒரு பக்கத்தில் அதை எடுத்துப் போட்டார்கள். திருநெல்வேலி, மலேசியா, கனடா, எங்கிருந்தெல்லாமோ. கண்கலங்கிவிட்டேன் அம்மா. நட்பு என்றால் இது. உங்களைப் பார்த்து நானும் என் தோழியைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். பண்டகசாலையில் மேலாளர் எழுந்து வந்து கை குலுக்கினார். மங்கைக்கு ஒரு வழக்கம், யார் என்ன எழுதினாலும் பதில் எழுதாமல் விடமாட்டாள். வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினாற்போல் இருக்கும் அவளுக்கு. நூற்றுக்கணக்கில் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நன்றி, கும்பிடும் கை, இதயம். யாரையும் விடக்கூடாது, யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது. வியாழக்கிழமை, அடுப்பில் ரசம் கொதிக்கையில், ரோஜாப்பூப் படம் வைத்த ஒருவர் கேட்டிருந்தார்: அருமை சகோதரி, தோழி இப்போது எந்த ஊரில் இருக்கிறார்? பெயர் ஏதோ தென்றல் என்று இருந்தது. பெண் என்றுதான் நினைத்தாள். பெண் என்று நினைக்கக்கூட இல்லை, நினைக்கவே இல்லை. கரண்டியை இடது கைக்கு மாற்றி, வலது கட்டைவிரலால் எழுதினாள்: ஓசூருக்குப் பக்கத்தில் சகோ, நன்றி. ஒரு கும்பிடும் கை. ரசத்தை இறக்கினாள்.

பக்கத்தில் என்றுதானே எழுதினேன். ஓசூர் என்ன சின்ன ஊரா. பக்கத்தில் என்றால் எத்தனை கிராமம், எத்தனை கம்பெனி, எத்தனை பள்ளி. அவன் எங்கே போய்த் தேடுவான். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மூச்சு வரும், உடனே படம் நினைவுக்கு வரும். படத்தில் இருவர் தலைக்கும் மேலே விடுதியின் பெயர்ப்பலகை. பாதிதான் தெரிகிறது. பாதிதான், ஆனால் அந்தப் பாதியில் ஒரு புனிதரின் பெயர் முழுசாக இருக்கிறது. பாதிப் பெயரையும் ஓசூரையும் சேர்த்துத் தட்டினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அவள் தட்டிப் பார்த்தாள். முதல் வரியிலேயே வந்தது, வழியோடு. நேற்று மதியம் அந்த ரோஜாப்பூ மறுபடி வந்தது. நன்றி சகோதரி. நான்தான் ஜெசிந்தாவின் கணவன் தாஸ். இருபது வருடமாக என் மனைவியையும் மகளையும் தேடி அலைகிறேன். ஆண்டவர் உங்கள் மூலம் கண் திறந்தார். அதற்குக் கீழே ஐநூறு இதயங்கள். ஐயா, கட்டாயம் சேர்வீர்கள். அழுதுகொண்டே எழுதுகிறேன் ஐயா. அந்தப் பெண்மணி மனம் மாறட்டும். மங்கை அலுவலகத்தில், ரேஷன் சர்க்கரை மூட்டைகள் இறங்கும் சத்தத்துக்கு நடுவில், அதைப் படித்தாள். எழுந்து போய் முகம் கழுவினாள். வந்து மறுபடி படித்தாள். சாயங்காலம் வரை எதுவும் செய்யவில்லை. அழித்தால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்களே என்று இருந்தது. ஆமாம், அதைத்தான் யோசித்தாள். ஒரு மனுஷியின் உயிரையும் ஐயாயிரம் விருப்பக் குறிகளையும் தராசில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். இன்று விடிந்த பிறகுதான் அழித்தாள். வீட்டுக்காரர், “எடுத்துட்டேல்ல, அப்புறம் என்ன” என்று பேப்பரைப் புரட்டினார். பிறகு ஜெசியின் எண்ணைத் திறந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அனுப்பும் காலை வணக்கப் படம், மஞ்சள் செம்பருத்தியும் பனித்துளியும், அதை அனுப்பினாள். அதுதான் அனுப்பினாள். அதற்கு அடுத்த நிமிஷம் அவனிடமிருந்து தனியாக ஒரு செய்தி: நாளை விழாவுக்கு அவள் வருவாளா சகோதரி? பதில் எழுதவில்லை. ஆனால் திறந்துவிட்டாள். திறந்ததை அது அவனுக்குக் காட்டியிருக்கும்.

“ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்க்கா” என்றாள் பர்வீன், பஞ்சை எலுமிச்சைச் சாற்றுச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து இடது கையில் ஒற்றிக்கொண்டே. “அந்தப் படத்த என் நாத்தனார்தான் காட்டுனா. நம்ம அக்கா, நம்ம கஸ்டமருன்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறா. அப்படியே சேவ் பண்ணி ஸ்டேட்டஸ் வெச்சேன், நாலு குரூப்புக்கு அனுப்புனேன். எங்க வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்.” மங்கை கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். நல்ல பெண், கணவன் சவுதியில், இந்தக் கடையைத் தானே நடத்துகிறாள். அனுப்பாதே என்று இவளிடம் சொல்லலாம். இவள் அனுப்பிய நான்கு குழுவுக்கு யார் சொல்வது. அந்த நான்கிலிருந்து போன நாற்பதுக்கு யார் சொல்வது. அழித்துவிட்டோம் என்று காலையில் ஒரு நிம்மதி இருந்ததே, அது எவ்வளவு சின்ன நிம்மதி, வாசலைப் பெருக்கிவிட்டுத் தெருவே சுத்தமாகிவிட்டது என்று நினைத்த மாதிரி. போன் மறுபடி உறுமியது. மங்கையின் தோள் தூக்கிப்போட்டது. “ஜெசி இல்லக்கா, ஹேமான்னு வருது.” எடு என்றாள். ஹேமாவிடம் பேசிவிடலாம், ஹேமா எதற்கும் ஒரு வழி சொல்லுவாள். பர்வீன் பச்சையை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

“எங்கடி இருக்க, கழுத?” “பார்லர்ல. மருதாணி.” “போடு, போடு, நாளைக்கு நீதான்டி கதாநாயகி. கேளு, ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் வாயத் தொறக்காத. ஜெசி வீட்டுக்காரரு எனக்கும் மெசேஜ் போட்டாருடி. பாவம்டி மனுஷன், என்னா உருக்கமா எழுதுறாரு, நான் ஆபீஸ்லயே அழுதுட்டேன். மண்டபம் எங்கன்னு கேட்டாரு, லொகேஷன் அனுப்பிட்டேன். அவளுக்குத் தெரிய வேணாம். நீ எப்படியாவது அவளைக் கூட்டிட்டு வந்துரு. மேடையில நிக்க வெச்சு, பின்னாலேருந்து அவரைக் கூப்புட்டு, ரெண்டு பேருக்கும் மாலை மாத்திட்டா... ஏய், நாலு பேரு வீடியோ எடுக்குற மாதிரி சொல்லியிருக்கேன். மங்கை? இருக்கியாடி?” இருந்தாள். ஹேமா, வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அடிப்பான் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அவளே சொன்னாள், எங்கேயும் போடாதே என்றும் சொன்னாள் என்றால், அப்புறம் ஏன்டி போட்ட என்பாள். அந்தக் கடைசிக் கேள்விதான் நேற்றிலிருந்து எல்லா வழிகளையும் மறித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அதனிடம்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொல்லாததும் அதனால்தான். ஜெசியின் போனை எடுக்காததும் அதனால்தான். பயம் அவனைப் பற்றி என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பற்றி ஜெசி அல்லவா பயப்பட வேண்டும். இவளுடைய பயம் வேறு. கண்டுபிடிப்பவள் என்ற அந்தப் பெயர் போய்விடுமே என்பது. மூன்றாம் பெஞ்சுச் சுவரோரத்துக்கு மறுபடி போய் உட்கார வேண்டுமே என்பது. “இருக்கேன்” என்றாள் மங்கை. “ஹேமா, அந்த ஆளை வரச்சொல்லாத. அடிச்சே அவ காதைச் செவிடாக்கினவன். அவ போட வேண்டாம்னு சொன்ன படத்தை நான்தான் போட்டேன்.” “என்னடி சொல்ற, நான் லொகேஷன் அனுப்பிட்டேனே” என்றாள் ஹேமா, சின்னப் பெண் மாதிரி. பர்வீனின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. அவள் மங்கையைப் பார்க்கவில்லை, தன் போன் கிடந்த பக்கம் பார்த்தாள்.

ஹேமா வைத்த மறு நிமிஷம் ஜெசியின் பெயர் மறுபடி வந்தது. “எடு பர்வீன். காதுல வை” என்றாள் மங்கை. பர்வீன் போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தாள். முதலில் பஸ் இரைச்சல், ஹாரன், யாரோ சில்லறை கேட்கும் சத்தம். பஸ் எதற்கு என்று ஒரு கணம் புரியவில்லை. “ஏண்டி, அப்பவே கூப்பிட்டேன், எடுக்க மாட்டேங்குற?” ஜெசியின் குரலில் சிரிப்பு இருந்தது. “திட்டுவேன்னு பயந்துட்டியா? போட்டுட்டன்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு. பாப்பாதான் நேத்துக் காலைல காட்டுனா. அம்மா, இத்தனை பேரு உன்னைத் தேடியிருக்காங்க பாருன்னு ஒவ்வொண்ணா வாசிச்சா. லலிதாம்பிகை எழுதியிருக்கா பாத்தியா, நான் அவளுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தேனாம், எனக்கே ஞாபகம் இல்ல. இத்தனை வருஷம் யாருக்குப் பயந்து ஒளிஞ்சிக் கிடந்தேன்னு தோணிடுச்சு மங்கை. பாப்பாவுக்கு ரெண்டு நாள் லீவு. கிளம்பிட்டோம். நாமக்கல் தாண்டிட்டோம், ராத்திரி உன் வீட்லதான் சாப்பாடு. ஆமா, இன்னிக்கு மறுபடி பாக்கலாம்னு தேடுனா அதைக் காணோமே, ஏன் எடுத்துட்ட? நான் ஏதாவது சொல்லுவேன்னா?” நேற்றுக் காலை. அவன் எழுதியது நேற்று மதியம். இடையில் சில மணி நேரம் அது வெறும் நல்ல விஷயமாக மட்டும் இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் ஜெசி அதைப் பார்த்திருக்கிறாள். இருபது வருஷம் கழித்து அவளுக்குப் பயம் விட்டிருக்கிறது. விடவைத்ததும் மங்கைதான். இப்போது அதைத் திரும்ப அவள் கையில் கொடுக்கப்போவதும் மங்கைதான். இன்னும் ஒரு நிமிஷம் அவளைச் சிரிக்க விடலாமா என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம், தொப்பூரில் வந்த அதே விதம்.

“ஜெசி, நான் சொல்றதைக் கேளு. அவன் பாத்துட்டான்.” “தாஸ். நேத்து மதியம் கீழ எழுதுனான். நாளைக்கு மண்டபத்துக்கும் வர்றான், இடம் தெரியும் அவனுக்கு.” பஸ் ஏதோ வேகத்தடையில் ஏறி இறங்கியது. “ஊரு?” என்றாள் ஜெசி. சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாமான் அறையில் கேட்ட குரல் இது. “ஓசூர்னு தெரியும்.” “யார் சொன்னது?” தெரியாத்தனமாக, யாரோ பெண் என்று நினைத்து, எல்லாருக்கும் பதில் எழுதும் வழக்கத்தில், அடுப்பில் ரசம் வைத்திருந்தபோது. எல்லாம் வாய்வரை வந்தது. “நான்தான்” என்றாள் மங்கை. பர்வீன் போனை இன்னும் காதோடு அழுத்திப் பிடித்தாள். மூச்சுக்கூட விடாமல் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். “வழியில எங்கயாவது இறங்கிடுங்க. நான் இப்பவே கிளம்பி வர்றேன். ஓசூருக்குப் போக வேண்டாம், இங்கயும் வர வேண்டாம், என் தங்கச்சி வீடு கரூர்ல இருக்கு. ஜெசி? நான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வர்றேன், என்ன எழுதிக் குடுக்கணுமோ நானே எழுதிக் குடுக்கிறேன். ஜெசி, ஏதாவது பேசு.” தூரத்தில், நடத்துநரிடம் அடுத்து எங்கே நிற்கும் என்று ஜெசி கேட்பது கேட்டது. மோகனூர் ரோடு, தொட்டியம் என்று ஏதோ ஊர்ப் பெயர்கள். பிறகு ஒரு இளம் குரல், துள்ளலோடு: “என்னம்மா, அதுக்குள்ள வந்துடுச்சா?” மங்கை அந்தக் குரலை இதற்கு முன் கேட்டதில்லை. வைத்துவிடலாம், இது அவர்கள் இருவருடையது, கேட்கக்கூடாது என்று நினைத்தாள். “வெச்சிடுறேன் ஜெசி, இறங்கிட்டுக் கூப்பிடு” என்றாள்.

“வெக்காத” என்றாள் ஜெசி. “நீயும் கேளு.” பிறகு, போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் சொல்வது கேட்டது: “பாப்பா, காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டு. உங்க அப்பா சாகல.”